சந்தைக்குப் போகும் வழி

உதவி செய்ய வந்தவரும் அந்த உதவியைப் பெற்றவரும் நண்பர்களாக முடியுமா? கேட்ட மாத்திரத்தில், ஏன் முடியாது என்றுதான் சொல்லத் தோன்றும். உதவியிலிருந்துதான் நட்பு பிறக்கிறது என்று சிறுவயது முதல் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். எனினும் கிழக்கிலங்கையில் வாழ்பவர்களுக்கு இது பாடப்புத்தகக் கேள்வியல்ல. உதவியைக் கொடுத்தும் வாங்கியும் களைத்துப்போன மண் இது.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் எழுந்துவந்த பிறகு, பாதிக்கப்பட்ட நாடுகளுக்கென உலகெங்கும் சேர்ந்த உதவி சுமார் 1350 கோடி டொலர் என்று பின்னர் கணக்கிட்டார்கள். பணத்தோடு மனிதர்களும் வந்தார்கள். மாணவர்கள், ஆசிரியர்கள், தாதியர், ஓய்வுபெற்ற பொறியியலாளர்கள் எனத் தமது விடுமுறையை எங்களுக்காகத் தந்தவர்கள். உப்பேறிய கிணறுகளை இறைத்தார்கள், வீடு கட்டினார்கள், பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார்கள். பலர் உண்மையிலேயே நல்லவர்கள். திரும்பிப் போகும்போது அநேகமாக எல்லோரும் சொன்ன வாக்கியம் ஒன்றுண்டு: "இங்கே நிறைய நண்பர்களைச் சம்பாதித்தோம்."

அந்த வாக்கியத்தைத் தமிழில் எடுத்துச் சொல்லும் வேலை சில வருடங்கள் எனக்கு வாய்த்திருந்தது. சொல்லும்போதெல்லாம் எதிரே நின்றவர்களின் முகங்களைக் கவனித்திருக்கிறேன். சிரிப்பார்கள், தலையசைப்பார்கள், "நல்ல மனிசர்" என்பார்கள், துஆச் செய்வார்கள். ஆனால் 'கூட்டாளி' என்ற சொல் மட்டும் அவர்கள் பக்கமிருந்து திரும்பி வந்ததில்லை. நிறுவனங்களின் கடதாசிகளில் அவர்களுக்கு வேறொரு பெயர் இருந்தது: பயனாளி. பயனாளி கையொப்பமிடலாம், நன்றி சொல்லலாம், படத்துக்கு நிற்கலாம். நட்புக் கொண்டாடுவதற்கு அவன் கையில் என்ன இருக்கிறது?

இச்சிக்கலை அரிஸ்டோட்டில் கண்டிருக்கிறார். தன் மகனின் பெயரால் அறியப்படும் அறவியல் நூலில் அவர் ஒரு வினாவை எழுப்புகிறார்: நன்மை செய்தவர், நன்மை பெற்றவரை நேசிக்கிறார், ஆனால் பெற்றவரோ அந்த அளவுக்குத் திரும்ப நேசிப்பதில்லை. இது ஏன்? கடன் பட்டவன் கடன் கொடுத்தவனை மறக்க விரும்புவது போலத்தான் இதுவும் என்று பலர் விளக்கினார்கள். அரிஸ்டோட்டில் இன்னும் ஆழமாகப் போகிறார். கைவினைஞன் தான் செய்த பொருளை நேசிப்பது போல, உதவி செய்தவன் தன் உதவியால் எழுந்து நிற்பவனை நேசிக்கிறான் என்கிறார். அவன் நேசிப்பது தன் கைவண்ணத்தை. செய்யப்பட்ட பொருள் செய்தவனைத் திரும்ப நேசிக்காதது வியப்பல்ல. பொருளாக இருப்பதில் யாருக்கு மகிழ்ச்சி?

இதே உண்மையை மிகக் கடுமையாகச் சொன்னவர் இவான் இலிச். வியன்னாவிற் பிறந்து, கத்தோலிக்கக் குருவாகி, மெக்சிக்கோவில் வாழ்ந்த சிந்தனையாளர் அவர். 1968 ஏப்ரலில், மெக்சிக்கோவின் கிராமங்களில் தொண்டாற்றப் புறப்பட்டிருந்த வட அமெரிக்க மாணவர்களின் மாநாட்டில் அவரைப் பேச அழைத்தார்கள். வாழ்த்துவார் என்று காத்திருந்தவர்களிடம், உங்கள் நல்லெண்ணம் எங்களுக்கு வேண்டாம் என்றார். மலையேற வாருங்கள், பூக்களைப் பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள். உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பதே அவரது பேச்சின் சாரம். இலிச்சின் கோபத்தில் நியாயமுண்டு. ஆனால் சுனாமிக்குப் பின் உப்புக் கிணற்றருகே நின்ற ஒரு தாயிடம் போய், யாரும் உதவிக்கு வரவேண்டாமென்று சொல்ல எனக்கு நா எழாது. உதவி வேண்டாம் என்பது விடையாகாது. உதவியோடு கூட வேறென்ன வேண்டும் என்பதே தேடவேண்டிய விடை.

அந்த விடையின் ஒரு நுனி, நாம் மதுரஸாப் பருவத்திலிருந்தே கேட்டுவந்த ஒரு சம்பவத்தில் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஹிஜ்ரத்தின்போது மக்காவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு மதீனா வந்தவர்களில் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) ஒருவர். நபி (ஸல்) அவர்கள் அவரை மதீனாவின் செல்வந்தரான ஸஃது இப்னு ரபீஃ (ரழி) அவர்களுக்குச் சகோதரராக்கினார்கள். ஸஃது தமது சொத்தில் சரிபாதியை முன்வைத்தார். இதைவிடப் பெரிய நிவாரணம் எந்த நிறுவனமும் தந்ததில்லை. அப்துர் ரஹ்மானோ, உங்கள் குடும்பத்திலும் பொருளிலும் இறைவன் பரக்கத் செய்யட்டும் என்று வாழ்த்திவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று வழி கேட்டார். காட்டப்பட்டது பனூ கைனுகா என்ற யூதக் குலத்தாரின் சந்தை. அங்கே போய் உழைத்து, உலர்ந்த தயிர்க்கட்டியும் நெய்யும் கொண்டு திரும்பினார்.

இச்சம்பவத்தைச் சுயமுயற்சிக்கு உதாரணமாகவே மேடைகளில் சொல்லி வருகிறோம். அதில் இன்னும் இரண்டு விடயங்கள் உண்டு. ஸஃதின் கை தாழ்த்தப்படவில்லை. அவரது தாராளத்தை அப்துர் ரஹ்மான் வாழ்த்தினார். அதேவேளை, அவருக்கு நிரந்தரப் பயனாளியாகிவிடாமல் சகோதரராகவே இருப்பதற்குரிய வழியையும் தேடிக்கொண்டார். அந்த வழி சந்தைக்குப் போயிற்று. அதுவும் இன்னொரு சமூகத்தவரின் சந்தைக்கு.

தயிரும் நெய்யும் என்றதும் என் நினைவு மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலைக்குப் போய்விடுகிறது. வெளியூர் வாசகர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழும் பக்கம், எழுவான்கரை. மேற்கே, சூரியன் படும் பக்கம், படுவான்கரை. எழுவான்கரை மணலும் தென்னையும் கடலும். படுவான்கரை வயலும் குளமும் மாடும். கொக்கட்டி மரச் சோலையில் தானாகத் தோன்றியதாக மக்கள் நம்பும் தான்தோன்றீசுவரர் ஆலயத்தால் பேர்பெற்ற கொக்கட்டிச்சோலைதான் படுவான்கரையின் பெரிய ஊர்களில் ஒன்று. தமிழரும் முஸ்லிம்களும் புட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று எங்கள் பக்கத்து மேடைகளில் சொல்லாத அரசியல்வாதி இல்லை. சொல்பவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை. புட்டுக்கு வேண்டிய அரிசி விளைவது படுவான்கரையில். தேங்காய் காய்ப்பது எழுவான்கரையில். இரண்டும் ஒரே குழலுக்குள் போவதற்கு முன் யாரோ ஒருவர் தோணியேற வேண்டும், யாரோ ஒருவர் விலை பேச வேண்டும். அந்த உவமை அடுப்பங்கரையிற் பிறந்ததாகத் தோன்றினாலும் அதன் வேர் சந்தையில் இருக்கிறது.

மண்முனைத் துறையில் 'பாதை' எனப்படும் மிதவையில் ஏறி, காத்தான்குடிப் பக்கத்து வியாபாரிகள் புடவைப் பொட்டலங்களோடு அக்கரைக்குப் போவார்கள். நெல்லும் நெய்யும் தயிர் முட்டிகளுமாகத் திரும்புவார்கள். முஸ்லிம்கள் பலருக்கு அங்கே வயல்களும் இருந்தன. பிறகு வந்த காலத்தை எல்லோரும் அறிவோம். 1987 ஜனவரியிலும் 1991 ஜூன் 12 இலும் கொக்கட்டிச்சோலையை அடுத்த மகிழடித்தீவுப் பகுதியில் தமிழ்ப் பொதுமக்கள் அரச படையினரால் கொல்லப்பட்டார்கள். இவ்விரண்டுக்கும் இடையில், 1990 ஓகஸ்ட் 3 இல், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அதன் பின் வாவி ஒரு நாட்டின் எல்லையாகிவிட்டது. 2002 போர்நிறுத்தம் வந்தபோது, முஸ்லிம்கள் தமது வயல்களுக்குத் திரும்புவது பற்றிப் பேச்சு எழுந்தது. சிலர் போனார்கள், பலர் தயங்கினார்கள். 2007 இல் படுவான்கரை அரச படையினர் வசமாயிற்று. 2009 இல் யுத்தம் முடிந்தது. 2014 இல் ஜப்பானின் உதவியோடு மண்முனையில் பாலம் திறக்கப்பட்டது. இன்று சில நிமிடங்களில் கடந்துவிடலாம்.

2010 ஆம் ஆண்டு, பாலம் வருமுன், ஐரோப்பாவிலிருந்து தொண்டராக வந்திருந்த ஓர் ஆசிரியைக்கு மொழிபெயர்ப்பாளனாக நான் அக்கரைக்குப் போய்வந்தேன். அவருக்கு அது வெளிநாடு. வாவிக்கு இக்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கும் ஏறக்குறைய அப்படித்தான். மீள்குடியேறியிருந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது அவரது பணி. ஓய்வு கிடைக்கும்போது சந்தையைச் சுற்றிப் பார்க்க விரும்புவார். சாக்கை விரித்துக் கத்தரியும் பூசணியும் கீரையும் குவித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள், நெய்ப் போத்தல்கள், வாவி இறாலும் நண்டும், சுண்டால் அளந்து விற்கும் கச்சான். ஆரம்பத்தில் அவர் கேட்ட விலைக்கு மேலேயே கொடுப்பார். மீதியை வாங்கமாட்டார். ஏழைகளிடம் எப்படி விலை பேசுவது என்பது அவர் நியாயம்.

கத்தரிக்காய் விற்ற வயதான அம்மா ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "என்ன தம்பி இது, விலை கேளாம காசு நீட்டுறா இந்தப் புள்ள? நான் என்ன கையேந்தியா இருக்கன்? கேட்டு, பேசி, வாங்கச் சொல்லு."

நான் மொழிபெயர்த்தேன். ஆசிரியை சிறிது நேரம் பேசாதிருந்தார். அடுத்த தடவை விலை கேட்டார். கூட என்றார். அம்மா இறங்கவில்லை. ஆசிரியை எழுந்து நடந்தார். அம்மா கூப்பிட்டார். இருவரும் சிரித்தார்கள். விலை படிந்த பின், அளந்ததற்கு மேல் இரண்டு கத்தரிக்காயை அள்ளிப் பையில் போட்டார் அம்மா. இன்னொரு நாள் சில்லறை போதவில்லை. "பிறகு தரட்டும், எங்க போகப் போறா" என்றார். அன்றுதான் அந்த ஆசிரியை கொக்கட்டிச்சோலையில் முதன்முதலாகக் கடன்பட்டார். பெயரைக் கேட்டார்கள், குடும்பத்தைக் கேட்டார்கள், இன்னும் கலியாணம் முடிக்காததைக் கண்டித்தார்கள். பாடசாலையில் அவருக்குக் கிடைத்தது மரியாதை. சந்தையில் கிடைத்தது வேறொன்று.

அந்த வேறொன்றைத்தான் நான் விளங்கிக்கொள்ள முயல்கிறேன். நிவாரண வரிசையில் நிற்பவரால் செய்ய முடியாத மூன்று காரியங்களைச் சந்தையில் உட்கார்ந்திருப்பவரால் செய்ய முடியும். மாட்டேன் என்று சொல்லலாம். கடன் கொடுக்கலாம். அளந்ததற்கு மேல் ஒரு பிடி அள்ளிப் போடலாம். இம்மூன்றும் இல்லாமல் நட்பு உண்டா? மறுக்க முடியாதவரின் சம்மதத்துக்கு என்ன பெறுமதி? எதையும் கொடுக்க இடமில்லாதவர் எப்படி நண்பராவார்? கொடுக்கும் கை வாங்கும் கையைவிட மேலானது என்பது நாமறிந்த நபிமொழி. நாமே எப்போதும் மேற்கையாக இருக்கவேண்டும் என்றே அதைப் புரிந்து வந்திருக்கிறோம். மேற்கை சிறப்பானது என்றால், அந்தச் சிறப்பு அடுத்தவனுக்கும் கிடைக்க இடம்விடுவதும் நம் கடமையல்லவா? இரண்டு கத்தரிக்காயை வாங்கிக்கொள்வதும் ஒருவகையில் தர்மமே.

ஒருநாள் அந்த அம்மா என் ஊரைக் கேட்டார். சொன்னேன். சிறிது தயங்கிவிட்டு ஒரு கதை சொன்னார். "காத்தான்குடிப் பக்கத்துப் புடவைக் காக்கா ஒருத்தர் வாறவர். மகள்ற சாமத்தியத்துக்கு ரெண்டு சீலை தந்தார். வெள்ளாமை வெட்டித் தாறன் எண்டு சொன்னன். அதுக்குள்ள தொண்ணூறாம் ஆண்டு வந்திட்டு. அவர் பிறகு வரல்ல. இருக்காரோ என்னவோ. நீங்க விசாரிச்சுச் சொல்ல ஏலுமா?"

அந்த வியாபாரியின் பெயர் அவருக்குத் தெரியாது. காக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். ஊரில் விசாரித்தேன், புடவைப் பொட்டலம் சுமந்தவர்கள் பலர், அவர்களில் உயிரோடு இருந்தவர்கள் சிலர், அடையாளம் பிடிபடவில்லை. கடன் கொடுத்தவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், அவர் பெயரால் ஏழைகளுக்குத் தர்மம் செய்துவிடலாம் என்று எங்கள் மார்க்க அறிஞர்கள் சொல்வார்கள் என அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "தருமம் வேற தம்பி, கடன் வேற. கடன ஆளுக்குத்தான் குடுக்கணும்" என்றார்.

இருபது வருடங்கள். இடையில் எத்தனை இடப்பெயர்வு, எத்தனை மரணம், எத்தனை நிவாரணப் பொதி. அந்தப் பொதிகளைத் தந்தவர்களில் ஒருவரைப் பற்றியும் அவர் என்னிடம் விசாரித்ததில்லை. இரண்டு சேலை கடனாகத் தந்துவிட்டுப் போன வேற்றுச் சமூகத்தவர் ஒருவரை மட்டும் அவர் நெஞ்சில் வைத்திருந்தார். நன்றியைச் சொன்னால் தீர்ந்துவிடுகிறது. கடன் தீரும்வரை அடுத்தவர் உயிரோடிருக்க வேண்டும் என்று நினைக்க வைக்கிறது. கடன் பட்டவன் கடன் கொடுத்தவன் இல்லாமற்போக விரும்புவான் என்ற பழைய கிரேக்க விளக்கத்துக்கு இந்தப் படுவான்கரைத் தாய் மறுப்பாக இருக்கிறார்.

இங்கே ஒரு வாசகர் குறுக்கிடலாம். சந்தையை இப்படி உயர்த்துவது சரியா? இடங்களிலே இறைவனுக்கு மிகப் பிரியமானது பள்ளிவாசல், மிக வெறுப்பானது சந்தை என்றும் ஹதீஸ் இருக்கிறதே? உண்மைதான். பொய்ச் சத்தியமும் கள்ள அளவும் அங்கேதான் நடக்கின்றன. அறுவடைக் காலத்தில் நெல்லின் விலையை வீழ்த்தி வாங்கியவர்களும், முற்பணம் தந்து விளைச்சலை முன்கூட்டியே மடக்கியவர்களும் எங்கள் இரு கரையிலும் உண்டு. அந்தக் கசப்பு இனக் கசப்புக்கும் எண்ணெய் ஊற்றியது. நபி (ஸல்) அவர்கள் சந்தையிலே தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரத்தை மறைத்திருந்த வியாபாரியைக் கண்டித்ததும் இதனால்தான். ஆனால் அவர்கள் சந்தையை வெறுத்து ஒதுங்கிவிடவில்லை என்பதையும் அதே சம்பவம் சொல்கிறது. ஏமாற்றக்கூடிய இடத்தில்தான் நேர்மைக்குப் பொருள் உண்டு. விலகிப் போகக்கூடிய இடத்தில்தான் திரும்பி வருவதற்கும் பொருள் உண்டு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பகை மூளும்போது முதலில் அடைபடுவது சந்தை. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதல்கள் நடந்து, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் பிள்ளைகள் உட்படப் பலர் பலியானபோது, குற்றம் செய்தவர்கள் மீது எழவேண்டிய கோபம் ஒரு சமூகத்தின் கடைகள் மீதும் திரும்பியது. முஸ்லிம்களிடம் வாங்காதீர்கள் என்ற குரல் நாட்டின் பல பக்கங்களிலும் கேட்டது. தங்கொட்டுவ வாரச் சந்தையில் முஸ்லிம் வியாபாரிகளைத் தடுக்க முயன்ற விவகாரம் நீதிமன்றம் வரை போயிற்று. வெறுப்பைப் பரப்புபவர்களுக்குச் சந்தையின் பலம் நன்றாகத் தெரியும். இரு சமூகத்தவர் முகம் பார்த்து விலை பேசும் இடம் இருக்கும்வரை வெறுப்பு முழுமையடையாது என்பதை அவர்கள் அறிவார்கள். சமாதானத்தை விரும்பும் நாம்தான் அதை அற்பமாக நினைத்து, மேடைகளிலும் மாநாடுகளிலும் நட்பைத் தேடுகிறோம்.

அரிஸ்டோட்டில் நட்பை மூன்றாக வகுத்து, பயன் கருதிய நட்பைத் தாழ்ந்த படியில் வைத்தார். நற்குணத்தை நேசிக்கும் நட்பே உயர்ந்தது என்றார். மறுக்கவில்லை. ஆனால் இரத்தம் சிந்திய இரு கரைகளுக்கிடையில் ஏறத் தொடங்குபவர்கள் தாழ்ந்த படியில்தானே கால் வைக்க முடியும்? அவர் தாழ்ந்தது என்றது எங்களுக்கு முதலாவது.

சந்தைக்குக் கொண்டுபோக எதுவுமே இல்லாதவர்கள் இருக்கிறார்களே, அவர்களை என்ன செய்வது? கடலில் எல்லாவற்றையும் இழந்தவள், முகாமில் பிள்ளையோடு படுத்திருப்பவள், நடமாட முடியாதவன். அவர்களிடம் விலை பேசிப் பழகச் சொல்வது கொடுமை. அவர்களுக்குக் கொடுத்தே ஆகவேண்டும். செல்வத்தில் ஏழைக்குள்ள பங்கை அவனது உரிமை என்றே நமது மார்க்கம் சொல்கிறது. உரிமையைப் பெறுபவன் யாருக்கும் கடமைப்பட்டவனல்லன். எனவே அவனிடம் சிரிப்பைக் கேட்கக் கூடாது, படத்தைக் கேட்கக் கூடாது, நட்பையும் கேட்கக் கூடாது. செய்த தர்மத்தைச் சொல்லிக் காட்டுவது அதை அழித்துவிடும் என்று நம்மை எச்சரித்திருக்கிறார்கள். "நீ என் நண்பன்" என்று அவன் வாயால் சொல்ல வைப்பதும் சொல்லிக் காட்டுவதன் நாகரிகமான வடிவமே.

ஆகவே என் விடை இதுதான். உதவி கடமை. அதைச் செய்துவிட்டு விலகி நிற்க வேண்டும்; கைம்மாறாக நட்பைக் கேட்பது, இலவசமாகக் கொடுத்ததற்குப் பிறகு விலை வசூலிப்பதாகும். நட்பு வேண்டுமென்றால் கொடுப்பவரின் உயரத்திலிருந்து இறங்கி, அந்த மனிதர் எதில் கெட்டிக்காரரோ, எதற்கு விலை சொல்லத் தகுதியுள்ளவரோ, அந்த இடத்துக்கு வாங்குபவராகப் போகவேண்டும். அங்கே மறுக்கப்படவும் திருத்தப்படவும் கடன்படவும் ஆயத்தமாக இருக்கவேண்டும். இது கடல் கடந்து வரும் தொண்டர்களுக்கு மட்டுமான புத்திமதியல்ல. வெள்ளத்துக்கும் வரட்சிக்கும் பொதி கட்டிக்கொண்டு அடுத்த சமூகத்தவரின் ஊருக்குப் போய், படம் பிடித்துக்கொண்டு திரும்பும் நமது சங்கங்களுக்கும் இது பொருந்தும்.

மண்முனையில் இப்போது பாலம் இருக்கிறது. பாதைக்காகக் காத்து நிற்க வேண்டியதில்லை. அக்கரையில் நெல் விளைகிறது, இக்கரையில் தேங்காய் காய்க்கிறது. அடுத்த தடவை அப்பக்கம் போகும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கொடுப்பதற்கு ஏதும் கொண்டு போகாவிட்டாலும் பரவாயில்லை. விலை கேட்டு, பேசி, ஏதாவது வாங்கி வாருங்கள். அளந்ததற்கு மேல் ஒரு பிடி விழுந்தால் வேண்டாமென்று சொல்லாதீர்கள்.